நீண்டகாலக் குடியும் நோயெதிர்ப்பு செல்களின் மரபணுச் செயல்பாடும்: ஆரிகன் குரங்குகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பல ஆண்டுகள் அளவுமீறிக் குடித்தவர் மருத்துவமனைக்கு வரும்போது, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு நிலைகள் அவர் உடலில் சேர்ந்தே இருப்பதை மருத்துவர்கள் காண்கிறார்கள். கல்லீரலிலும் இரத்தத்திலும் அழற்சி மிகுந்திருக்கும், டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களின் அளவு உயர்ந்திருக்கும். அதே உடல் நிமோனியாவுக்கும் காசநோய்க்கும் எளிதில் இடம்கொடுக்கும். புண்கள் ஆறத் தாமதமாகும். நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் எத்தனால் அருந்துவோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. "குடித்துக் குடித்து எதிர்ப்புச் சக்தி போய்விட்டது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த விளக்கம் தொற்றுக்குப் பொருந்தும், அழற்சிக்குப் பொருந்தாது. எதிர்ப்புச் சக்தி வெறுமனே குறைந்திருந்தால் அழற்சியும் குறைந்திருக்க வேண்டும்.

இந்த முரண்பாட்டுக்கான விடையை நோயெதிர்ப்பு செல்களின் மரபணுச் செயல்பாட்டில், அதாவது எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் இயக்கப்படுகிறது என்பதில் தேடிய ஆய்வுகளுள், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு நடந்த தொடர் ஆய்வு தனித்து நிற்கிறது. இக்கட்டுரை அதையே தன் நிகழ்வாக எடுத்துக்கொள்கிறது.

மனிதரை விட்டுக் குரங்குகளிடம் போனது ஏன்

குடிப்பவர்களின் இரத்தத்தை நேரடியாக எடுத்து ஆராய்ந்தால் என்ன என்ற கேள்வி இயல்பானது. அவ்வாறும் ஆராய்கிறார்கள், ஆனால் கிடைக்கும் முடிவைப் பிரித்தறிவதில்தான் சிக்கல். நீண்டகாலம் மிகையாகக் குடிப்பவர்களில் பலர் புகைப்பவர்களாகவும் இருக்கிறார்கள். சிலர் சரியாக உண்பதில்லை. சிலருக்குக் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். சிலர் வேறு மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் வரும் பதிலை எந்த அளவுக்கு நம்புவது என்பது மருத்துவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம். ஒரு மரபணு கூடுதலாக இயங்குவதைக் கண்டாலும், அது மதுவின் வேலையா, புகையிலையின் வேலையா, ஊட்டக்குறைவின் வேலையா என்று சொல்ல முடியாது. எலிகளில் இந்தக் குழப்பங்கள் இல்லை. ஆனால் பெரும்பாலான எலி வகைகள் தாமாக விரும்பி மிகையாகக் குடிப்பதில்லை; குழாய் வழியாகவோ திரவ உணவில் கலந்தோ கொடுக்க வேண்டியிருக்கிறது. மேலும் பல எலி ஆய்வுகள் சில வாரங்களிலேயே முடிந்துவிடுகின்றன.

ஆரிகன் தேசிய பிரைமேட் ஆய்வு மையத்தில் கேத்லீன் கிராண்ட் வழிநடத்திய குழு வளர்த்தெடுத்த முறை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொடக்கத்தில் குரங்குகளுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் சிறிதளவு உணவு வழங்கப்படும். அந்த இடைவெளிகளில் அவை இயல்பாகவே எதையாவது பருகும். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி, முதலில் நீர், பிறகு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.5 கிராம், 1 கிராம், 1.5 கிராம் எத்தனால் எனப் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ ஒரு மாதம் பழக்குகிறார்கள். அதன் பின் கட்டாயம் இல்லை. நாளில் 22 மணி நேரம், 4 சதவீத எத்தனால் கரைசலும் வெறும் நீரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எதை, எவ்வளவு, எப்போது குடிப்பது என்பதைக் குரங்கே தீர்மானிக்கும். இந்த நிலை ஓராண்டு அல்லது அதற்கும் மேலாக நீடிக்கும். ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே கலோரி அளவுள்ள சர்க்கரைக் கரைசல் தரப்படும். மதுவிலிருந்து வரும் கலோரியே மாற்றத்துக்குக் காரணம் என்ற ஐயத்துக்கு இதனால் இடமில்லாமல் போகிறது.

இந்த ஏற்பாட்டில் எல்லாக் குரங்குகளும் ஒரே அளவில் குடிப்பதில்லை என்பதே இதன் சிறப்பு. ஒரே அறை, ஒரே உணவு, ஒரே பழக்கம் இருந்தும் சில குரங்குகள் அளவோடு நிற்கின்றன; சில நாளொன்றுக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 3 கிராமைத் தாண்டுகின்றன. மனிதக் கணக்கில் இது ஏறத்தாழ 12 குவளை மது. கிராண்டின் குழு குரங்குகளைக் குறைந்த அளவு குடிப்பவை, அவ்வப்போது மொத்தமாகக் குடிப்பவை, மிகையாகக் குடிப்பவை, மிக மிகையாகக் குடிப்பவை என வகைப்படுத்தியிருக்கிறது. ஒவ்வொரு மிடறும் கணினியில் பதிவாவதால், குடித்த அளவைப் பற்றி யாரையும் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

தடுப்பூசியில் தொடங்கி இரத்த செல்கள் வரை

நோயெதிர்ப்பியலாளர் இல்ஹெம் மெசவுதியின் குழு, முதலில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட், அர்வைன் வளாகங்களிலிருந்தும் பின்னர் கென்டக்கி பல்கலைக்கழகத்திலிருந்தும், இந்தக் குரங்குகளின் செல்களை ஆராய்ந்தது. 2013இல் வெளிவந்த முன்னோடி ஆய்வு மரபணுக்களைப் பற்றியதன்று, தடுப்பூசியைப் பற்றியது. பெரியம்மைக்கு எதிராகப் பயன்படும் எம்.வி.ஏ. தடுப்பூசி குரங்குகளுக்குப் போடப்பட்டது. இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதத்தைத் தாண்டும்படி குடித்த குரங்குகளில் தடுப்பூசிக்கான எதிர்வினை மங்கியது; 0.02 முதல் 0.04 சதவீதம் வரை மட்டும் எட்டிய குரங்குகளில் அது மதுவே குடிக்காதவற்றைவிடக் கூடியது. குடியின் விளைவு ஒரே திசையில் செல்லும் கோடாக இல்லை என்பதை இந்த முடிவு உணர்த்தியது. அளவோடு குடித்தால் நன்மை என்று இதைப் படித்துவிட்டு எவரும் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை. சில குரங்குகளின் தடுப்பூசி எதிர்வினை, புற்றுநோய் முதலான பிற தீங்குகளை ஈடுசெய்துவிடாது. உலக சுகாதார நிறுவனமும் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை எனத் தெளிவுபடுத்தியிருக்கிறது.

2019இல் வெளியான அடுத்த கட்ட ஆய்வு ஓராண்டு குடித்த ஆண் குரங்குகளின் இரத்தத்திலிருந்து ஒற்றைக்கரு வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றில் எந்தெந்த மரபணுக்களின் ஆர்.என்.ஏ., அதாவது மரபணு இயங்கும்போது உருவாகும் நகல், எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது. எந்தத் தூண்டுதலும் இல்லாத ஓய்வு நிலையிலேயே குடித்தவற்றின் செல்கள் வேறுபட்டிருந்தன. அளவோடு குடித்த குரங்குகளிலும் மிகையாகக் குடித்த குரங்குகளிலும் இந்த வேறுபாடு காணப்பட்டது; பெரும் பங்கு, பிறவியிலேயே அமைந்த முதற்கட்டப் பாதுகாப்பைச் சேர்ந்த செல்களில் இருந்தது. மரபணுக்களின் இயக்கத்தை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளான மைக்ரோ-ஆர்.என்.ஏ.க்களில் ஏற்பட்ட மாற்றம் இதன் ஒரு பகுதியை விளக்கியது. பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து எடுக்கப்படும் எல்.பி.எஸ். என்ற பொருளைச் செல்களுக்குக் கொடுத்தபோது, குடித்த அளவுக்கு ஏற்ப அழற்சி எதிர்வினை உயர்ந்தது. மரபணுக்கள் இயங்கத் தொடங்கும் நேர ஒழுங்கும் அளவுக்கு ஏற்ப நகர்ந்திருந்தது.

மண்ணீரலும் மோனோசைட்டும்

இரத்தத்தில் சுற்றும் செல்களில் காண்பது அப்போதைக்கப்போது இரத்தத்தில் இருக்கும் மதுவின் நேரடி விளைவாகவும் இருக்கலாம். உறுப்புக்குள் தங்கி வாழும் செல்களைப் பார்த்தால்தான் மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பது தெரியும். அதே 2019இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு மண்ணீரலில் வாழும் மேக்ரோபேஜ்களை, அதாவது கிருமிகளையும் சிதைந்த செல்களையும் விழுங்கும் பெரிய செல்களை, எடுத்துக்கொண்டது. மிகையாகக் குடித்த குரங்குகளில் இந்தச் செல்களின் விகிதம் கூடியிருந்தது, ஓய்வு நிலையிலேயே அவை தூண்டப்பட்டவை போல் காணப்பட்டன, எல்.பி.எஸ். கொடுத்தபோது புரத அளவிலும் மரபணு அளவிலும் பெரிய அழற்சி எதிர்வினையைக் காட்டின.

இந்த ஆய்வின் கனமான பகுதி அடுத்து வருகிறது. ஒரு செல்லின் டி.என்.ஏ. முழுவதும் எப்போதும் படிக்கத் தயாராக இருப்பதில்லை. அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மீது சுற்றப்பட்டு, குரோமாட்டின் என்ற வடிவில் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதி இறுகச் சுற்றப்பட்டிருந்தால் அதை இயக்கும் புரதங்கள் அங்கே நெருங்க முடியாது. தளர்ந்திருந்தால் சிறு தூண்டுதலே போதும். குடித்த குரங்குகளின் மண்ணீரல் மேக்ரோபேஜ்களில், இயங்கும் மரபணுக்களின் தொடக்கத்தில் காணப்படும் எச்3கே4எம்இ3 என்ற ஹிஸ்டோன் குறி கூடியிருந்தது. அழற்சி எதிர்வினைக்கான மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளும், மரபணுக்களுக்கு இடையிலிருந்து அவற்றை நெறிப்படுத்தும் பகுதிகளும் வழக்கத்தைவிடத் தளர்ந்து திறந்திருந்தன. கிருமி வருவதற்கு முன்பே, எழுத்து எதுவும் மாறாமல், அந்த மரபணுக்கள் இயங்குவதற்கான தடை குறைக்கப்பட்டிருந்தது. மது டி.என்.ஏ.வின் எழுத்துகளையே மாற்றிவிட்டது என்று சிலர் இதைப் படித்துப் புரிந்துகொள்வதுண்டு. இந்த ஆய்வு சொல்வது அதைப் பற்றியே அன்று. மாறியது அந்த எழுத்துகளை அணுகும் எளிமை.

2021இல் பெண் குரங்குகளின் மோனோசைட்டுகளை ஆராய்ந்த கட்டுரையை இந்தத் தொடரின் மையம் என்று நான் கருதுகிறேன். மோனோசைட்டுகள் எலும்பு மஜ்ஜையில் உருவாகி, இரத்தத்தில் சுற்றி, தேவைப்படும் இடத்தில் திசுவுக்குள் நுழைந்து மேக்ரோபேஜ்களாக மாறுபவை. ஓராண்டு மிகையாகக் குடித்த பெண் குரங்குகளின் மோனோசைட்டுகள் எல்.பி.எஸ்.ஸுக்கு மிகை அழற்சியுடன் பதிலளித்தன. ஆனால் அதே செல்களிடம் முழு ஈ.கோலை பாக்டீரியாவைக் கொடுத்தபோது எதிர்வினை மங்கியது.

இந்த இரட்டை முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். எல்.பி.எஸ். என்பது பாக்டீரியாவின் ஒரு துண்டு. டோல் போன்ற ஏற்பி-4 என்ற ஒரே உணர்வியின் வழியாக அது பெரும்பாலும் உணரப்படுகிறது. முழு பாக்டீரியாவோ பல உணர்விகளைத் தொடும். அதை விழுங்க வேண்டும், செல்லுக்குள் அடைக்க வேண்டும், செரித்துக் கொல்ல வேண்டும். எச்சரிக்கும் பாதை கூர்மையாகி, கொல்லும் பாதை மழுங்கிய செல் இது என்று வாசிக்கலாம். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்களே, அந்த நிலைக்கு இந்த மோனோசைட் வந்துவிட்டது. செல் ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாக அளந்தபோது, மோனோசைட்டுகளில் பெரும்பான்மையான செவ்வியல் வகைக்குள்ளேயே உட்பிரிவுகளின் விகிதம் நகர்ந்திருந்தது தெரிந்தது: ஆக்சிஜன் குறைவை உணர்த்தும் எச்.ஐ.எஃப்.1ஏ மரபணுவையும், அழற்சியின் முதன்மை இயக்கியான என்.எஃப்.-கப்பா-பி பாதையையும் இயக்கும் செல்கள் திரண்டிருந்தன. சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்கள், தொடர்பான மரபணுக்களின் தொடக்கப் பகுதிகள் இங்கும் தளர்ந்திருந்தன.

நுரையீரல் காற்றறைகளில் வாழும் மேக்ரோபேஜ்களிலும் இதே போக்கை, குறிப்பிட்ட இலக்கில்லாத அழற்சியையும் செயற்குறையையும் ஒருசேர, அதே குழு பின்னர் காட்டியது. குடிப்பவர்களுக்கு நிமோனியா ஏன் கடுமையாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் கிடைப்பது அரிது.

மது எப்படிக் குரோமாட்டின் வரை சென்று சேர்கிறது

குரங்கு ஆய்வுகள் மாற்றத்தைக் காட்டுகின்றனவே தவிர, பாதையை முழுமையாகக் காட்டுவதில்லை. பாதையைப் பற்றிய தெளிவு வேறு ஆய்வகங்களிலிருந்து வந்திருக்கிறது. அவற்றுள் வலுவானது அசிட்டேட் வழி. உடலில் எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பின் அசிட்டேட்டாகவும் மாறுகிறது. ஏ.சி.எஸ்.எஸ். வகை நொதிகள் அந்த அசிட்டேட்டை அசிட்டைல்-கோஏ ஆக்குகின்றன. ஹிஸ்டோன்களில் அசிட்டைல் குழுக்கள் ஒட்டப்படுவது இந்த அசிட்டைல்-கோஏவிலிருந்துதான். அவை ஒட்டப்பட்டால் குரோமாட்டின் தளரும். இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், எத்தனாலோ அசிட்டேட்டோ கொடுக்கப்பட்ட மேக்ரோபேஜ்களில் அழற்சி மரபணுக்களின் ஹிஸ்டோன் அசிட்டைலேற்றம் கூடியது, ஏ.சி.எஸ்.எஸ்.1, ஏ.சி.எஸ்.எஸ்.2 நொதிகளை அடக்கியபோது மிகை அழற்சி எதிர்வினை நின்றுவிட்டது. குடித்த மதுவே, உடைக்கப்பட்ட பின், மரபணுவைத் திறக்கும் வேதிப்பொருளாகச் செல்லுக்குள் திரும்பிவருகிறது என்பது இந்த முழுத் துறையிலும் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி.

இரண்டாவது வழி குடலிலிருந்து வருகிறது. நீண்டகாலக் குடியால் குடற்சுவரின் இணைப்புகள் தளர்கின்றன. குடல் பாக்டீரியாவின் எல்.பி.எஸ். சிறிது சிறிதாகக் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தில் கசிகிறது. நோயெதிர்ப்பு செல்கள் நாள்தோறும் இந்தத் துளிகளைச் சந்திக்கின்றன.

மூன்றாவது, சமிக்ஞைப் பாதையின் தடுப்பான்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பிரணோதி மாண்ட்ரேகர், கியோங்கி சாபோ ஆகியோர் மனித மோனோசைட்டுகளைக் கொண்டு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, குடியின் காலநீட்சி ஏன் முக்கியம் என்பதைக் காட்டுகிறது. குறுகிய நேரம் மதுவுக்கு உட்பட்ட செல்களில் ஐராக்-எம் என்ற தடுப்பான் கூடி, எல்.பி.எஸ்.ஸுக்கான எதிர்வினை குறைந்தது. ஏழு நாட்கள் தொடர்ந்து உட்பட்ட செல்களில் அதே தடுப்பான் குறைந்து, எதிர்வினை பெருகியது. ஒருநாள் குடி அடக்குகிறது, தொடர்குடி தூண்டுகிறது. ஒரே பொருளின் இரண்டு விளைவுகளைப் பிரிப்பது காலம்.

ஒரு நாள் வாழும் செல்லில் ஓராண்டு நினைவு

செவ்வியல் மோனோசைட் ஒன்று மனித இரத்தத்தில் சுற்றுவது ஏறத்தாழ ஒரு நாள்தான். பிறகு அது திசுவுக்குள் போகும், அல்லது அழியும். அப்படியானால் பன்னிரண்டு மாதக் குடியின் தடம் நேற்று உருவான செல்லில் எப்படி இருக்கிறது? ஒவ்வொரு நாளின் செல்களும் அன்றன்றைய மதுவாலும் அன்றன்றைய கசிவாலும் புதிதாகத் திருத்தப்படுகின்றன என்பது ஒரு விளக்கம். எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல செல்களே மாறிவிட்டன, அவற்றிலிருந்து வரும் ஒவ்வொரு மோனோசைட்டும் பிறக்கும்போதே சாய்ந்திருக்கிறது என்பது மற்றது. மருத்துவ விளைவில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது உண்மையானால் குடியை நிறுத்திய சில நாட்களில் செல்கள் சீராக வேண்டும். இரண்டாவது உண்மையானால் குடியை விட்ட பிறகும் மஜ்ஜை தன் பழைய சாய்வோடு செல்களை அனுப்பிக்கொண்டிருக்கும். பி.சி.ஜி. தடுப்பூசி மஜ்ஜை மூல செல்களில் நீடித்த மாற்றத்தை விதைக்கிறது என்பது எலிகளிலும் மனிதர்களிலும் காட்டப்பட்டிருப்பதால், இரண்டாவது விளக்கத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திசுவில் நெடுநாள் தங்கும் மண்ணீரல் மேக்ரோபேஜ்களிலும் அதே தடம் தெரிவதைப் பார்த்தால், இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்றே நான் எண்ணுகிறேன்.

மனித இரத்தத்திலும் தடம் தெரிகிறது. 13 மக்கள்தொகைக் குழுக்களைச் சேர்ந்த 13,000க்கும் மேற்பட்டோரின் இரத்த டி.என்.ஏ.வில் மீத்தைல் குறிகளை, அதாவது டி.என்.ஏ.வின் மேல் ஒட்டும் சிறு வேதிக் குறிகளை, ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, 144 இடங்களின் குறிகளைக் கொண்டு மிகையாகக் குடிப்பவரை நல்ல துல்லியத்துடன் அடையாளம் காண முடியும் என்று காட்டியது. ஆனால் முழு இரத்தம் பலவகைச் செல்களின் கலவை. குடியால் ஒருவகைச் செல்லின் எண்ணிக்கை மாறினாலே சராசரிக் குறி மாறும். புள்ளியியல் திருத்தங்கள் இதை ஓரளவே ஈடுசெய்யும். செல்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்த குரங்கு ஆய்வுகளின் மதிப்பு இங்கே கூடுகிறது. அவற்றுக்கும் எல்லைகள் உண்டு: விலங்குகளின் எண்ணிக்கை சிறியது, மோனோசைட் ஆய்வு பெண் குரங்குகளில், இரத்த செல் ஆய்வு ஆண் குரங்குகளில் நடந்ததால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது, தூண்டுதல்கள் உடலுக்கு வெளியே, தட்டில் நடந்தவை.

மருத்துவத்தில் இதன் பொருள்

மது சார்ந்த கல்லீரல் அழற்சி கொண்டவர்களின் மோனோசைட்டுகள் டி.என்.எஃப்.ஐ மிகையாகச் சுரக்கின்றன என்று கிரெய்க் மெக்லெயினும் டொனால்ட் கோஹனும் 1989இலேயே காட்டினர். டி.என்.எஃப். தான் தீங்கு செய்கிறது என்றால் அதைத் தடுத்தால் நோயாளி பிழைப்பார் என்ற கணிப்பு அதிலிருந்து பிறந்தது. வாத நோய்களில் அந்த மருந்துகள் ஏற்கெனவே வெற்றி பெற்றிருந்தன. 2004இல் பிரான்சில் 36 நோயாளிகளிடம் டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமேப் மருந்தை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசலோனுடன் சேர்த்துக் கொடுத்த சோதனை, கடுமையான தொற்றும் இறப்பும் மருந்துக் குழுவில் மிகுந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2008இல் அமெரிக்காவில் 48 நோயாளிகளிடம், டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் இன்னொரு மருந்தான எட்டனெர்செப்ட் கொடுத்த சோதனையில், ஆறு மாத இறப்பு மருந்துக் குழுவில் 57.7 சதவீதமாகவும் போலி மருந்துக் குழுவில் 22.7 சதவீதமாகவும் இருந்தது. 1,103 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான சோதனையிலும், பிரெட்னிசலோன் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 7 சதவீதத்தினருக்கும் கடுமையான தொற்று ஏற்பட்டது.

அந்தச் சோதனைகளை வடிவமைத்தவர்கள் தவறான அளவீட்டை நம்பவில்லை, டி.என்.எஃப். உண்மையிலேயே உயர்ந்திருந்தது. ஆனால் அவர்கள் அளந்தது எல்.பி.எஸ். போன்ற தூண்டுதலுக்கு எழும் ஒலியை மட்டுமே. அதே செல்கள் முழு பாக்டீரியாவைக் கொல்லத் தடுமாறுவதை அந்த அளவீடு காட்டியிருக்க முடியாது. ஆரிகன் குரங்குகளின் மோனோசைட்டுகளை வைத்துப் பார்த்தால், டி.என்.எஃப்.ஐ அடக்கும் மருந்து, ஏற்கெனவே மழுங்கியிருந்த பாதுகாப்பில் எஞ்சியிருந்த எச்சரிக்கையையும் பறித்துக்கொண்டது என்று வாசிக்க இடமுண்டு. அதனால் இனி இந்த நோய்க்கு எந்த மருந்தைச் சோதித்தாலும், சைட்டோகைன் அளவு குறைந்ததா என்பதோடு, நோயாளியின் மோனோசைட்டுகள் உயிருள்ள பாக்டீரியாவை விழுங்கிக் கொல்கின்றனவா என்பதையும் சோதனையின் முதன்மை அளவீடுகளில் ஒன்றாகச் சேர்ப்பது தேவை; அந்தச் சோதனைக்கு வேண்டியது சில மில்லிலிட்டர் இரத்தமும் ஒரு பாக்டீரியா வளர்ப்பும் மட்டுமே.